வாசலில் ஒரு மேடு

உங்கள் தெருவில் வேகத்தடை இருக்கிறதா? இல்லாவிட்டால், வேண்டும் என்று யாராவது மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொண்டிருப்பார்கள். இருந்துவிட்டாலோ, அதைத் தாண்டும் ஆட்டோக்காரரும் மோட்டார் சைக்கிள்காரரும் அதைப் போட்ட புண்ணியவான்களை மனத்துக்குள் ‘வாழ்த்தி’க் கொண்டே போவார்கள். வாசலில் குழந்தை விளையாடும் வீட்டு அம்மாளுக்கு அந்த மேடு காவல் தெய்வம். முதுகு வலிக்காரருக்கு அது ஜன்ம விரோதி.

இந்தப் பழைய வழக்கில் இப்போது புகையும் ஒரு கட்சிக்காரராக வந்து சேர்ந்திருக்கிறது. மேட்டுக்கு முன்னால் வண்டி பிரேக் போடுகிறது. ஏறி இறங்கியதும் டிரைவர் ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறார். சைலன்ஸர் குழாய் புகையைக் கக்குகிறது. அப்படிக் கக்கும் இடத்துக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக ஒரு பள்ளிக்கூட வாசல். குழந்தையின் கையையும் காலையும் காப்பாற்றப் போய், அதன் நெஞ்சுக்குள் புகையை ஏற்றிக் கொண்டிருக்கிறோமா?

கேட்க வேண்டிய கேள்விதான். இதை வெறும் வாயால் விவாதிக்காமல், சில நாடுகளில் கருவி வைத்து அளந்தே பார்த்திருக்கிறார்கள். வந்த விடை ‘ஆமாம்’ என்றும் இல்லை, ‘இல்லை’ என்றும் இல்லை. மேடு எப்படிப்பட்டது, வண்டி என்ன வேகத்தில் வந்தது, ஓட்டுகிறவர் எப்படிப்பட்டவர் என்பதையெல்லாம் பொறுத்தது அது.

தேக்கரண்டிக் கணக்கு

முதலில் நம் சமையலறை அளவிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சின்னக் கார். உள்ளே இருப்பவர்களோடு சேர்த்து எடை ஒரு டன் என்று வைத்துக் கொள்ளுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, மேட்டைக் கண்டதும் 15 கிலோமீட்டருக்கு இறங்குகிறது. அத்தனை நேரம் பெட்ரோலை எரித்துச் சேர்த்து வைத்த ஓட்டம் பிரேக்கில் சூடாக மாறிக் காற்றோடு போய்விடுகிறது. நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லின் மேல் ஒரு செம்பு தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் அதைக் காய வைப்பது போலத்தான்.

மேட்டைத் தாண்டிய கார் திரும்பவும் 50-ஐப் பிடிக்க வேண்டுமானால் சுமார் 12 மில்லி லிட்டர் பெட்ரோல் வேண்டும். தேக்கரண்டியால் அளந்தால் ஏறக்குறைய இரண்டரைக் கரண்டி. பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு சாலையில் இப்படி ஏழு மேடுகள் இருந்தால் அரை ஆழாக்குப் பெட்ரோல், ஒரே ஒரு வண்டிக்கு! நாள் முழுவதும் போகும் வண்டிகளை நீங்களே எண்ணிக் கொள்ளுங்கள்.

ஆனால் அதே கார் 50-க்குப் பதிலாக 30 கிலோமீட்டரில் வந்து, 15-க்கு இறங்கி, மறுபடி 30-ஐப் பிடித்தால்? ஒரு தேக்கரண்டிகூடப் பிடிக்காது. வேகம் பாதியானால், அதில் அடங்கியுள்ள சக்தி பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. ஆகவே மேடு மட்டும் பெட்ரோலைக் குடிப்பதில்லை. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே நாம் காட்டும் அவசரம்தான் குடிக்கிறது.

செலவோடு போனாலும் பரவாயில்லை. திடீரென்று ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது இஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகவும் காற்றுப் போதாமலும் போய்ச் சேர வாய்ப்புண்டு. அடுப்பில் விறகை நெருக்கித் திணித்துவிட்டால் எரியாமல் புகைகிறதே, அந்த மாதிரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு மிகுந்து வருகிறது. புகையைச் சுத்தப்படுத்துவதற்காகவே காரின் அடியில் காடலிடிக் கன்வர்ட்டர் என்ற கருவியை வைத்திருக்கிறார்கள். இப்படித் திணித்த புகை வந்தால் அதுவும் திணறிப் போகிறது.

நோபல் பரிசு பெற்ற மேடு

இந்த மேடுகளின் பூர்வோத்தரம் சுவாரசியமானது. 1906-லேயே அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்துச் சாத்தம் என்ற ஊரில், ஜனங்கள் தெருவைக் கடக்கும் இடங்களை ஐந்து அங்குலம் உயர்த்திக் கட்டி மோட்டார்காரர்களின் வேகத்தை அடக்கப் பார்த்தார்கள். சாஸ்திரோக்தமாகக் கணக்குப் போட்டு மேட்டை அமைத்தவர் சாமானியரல்ல. பௌதிகத்துக்காக 1927-இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் காம்ப்டன். செயின்ட் லூயி நகரில் வாஷிங்டன் சர்வகலாசாலைத் தலைவராக இருந்த அவர், தம் அலுவலகக் கட்டடத்தின் முன்னால் கார்கள் பறப்பதைக் கண்டு, 1953-இல் எந்த உருவத்தில் மேடு இருந்தால் வேகம் அடங்கும் என்று ஆராய்ந்தார். எக்ஸ் கதிர்களை அளந்தவருக்கு இந்த வேலையும் வந்து சேர்ந்தது!

பிறகு 1973-இல் இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சி நிலையத்தில் வாட்ஸ் என்பவர் பல அளவுகளைச் சோதித்து ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்தார். 12 அடி அகலம், 4 அங்குல உயரம், வில் போன்ற மெல்லிய வளைவு. நிதானமாக வருகிறவருக்கு அது தெரியவே தெரியாது. வேகமாக வருகிறவரைத்தான் தூக்கிப் போடும். நல்ல உபாத்தியாயர் மாதிரி, குற்றம் செய்தவனை மட்டும் தண்டிக்கும் மேடு. இது மனத்தில் இருக்கட்டும். பின்னால் இதைத் தேடிக்கொண்டு திரும்பி வருவோம்.

அதே நிலையத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2001-ஆம் வருஷம் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மேடு, குறுக்கல், வளைவு என்று ஒன்பது விதமான வேகக் கட்டுப்பாட்டு ஏற்பாடுகளை எடுத்துக் கொண்டு, அந்தத் தெருக்களில் கார்கள் ஓடும் விதத்தை ஆராய்ந்து, அதனால் வரும் புகையை அளந்தார்கள். ஒரு கார் ஒரு கிலோமீட்டர் ஓடினால் வெளிவரும் கரியமில வாயு 20 முதல் 26 சதவீதம் வரை கூடியிருந்தது. காடலிடிக் கன்வர்ட்டர் வைத்த பெட்ரோல் கார்களில் கார்பன் மோனாக்ஸைடு 59 சதவீதம் கூடியது. டீசல் கார்களில் கரித்தூள் 30 சதவீதம்.

“பார்த்தீர்களா! மேட்டை இடியுங்கள்!” என்று சிலர் கடப்பாரையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவை அந்தக் காலத்துக் கார்கள். இந்தியாவிலேயே 2020 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு பி.எஸ்.-6 என்ற கடுமையான புகை விதி அமலில் இருக்கிறது. விட்டு விட்டு ஓட்டினால் புகை கூடும் என்பது மாறாவிட்டாலும், ஒரு வண்டி விடும் புகையின் அளவு வெகுவாகக் குறைந்திருக்கிறது. தவிர, வீடுகள் நிறைந்த சின்னத் தெருக்களில் வண்டிகள் குறைவாதலால் அங்கே காற்று கெட்டுப் போகுமளவுக்கு இது போவது அபூர்வம் என்று அந்த அறிக்கையே சொல்கிறது.

இன்னொரு விஷயம் எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. மேலே சொன்னதெல்லாம் ஒரு வண்டியின் கணக்கு. தெருவின் கணக்கு என்ன?

இதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1996-இல், அதே நிலையம் மற்றோர் ஆராய்ச்சி செய்திருந்தது. மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் என்று வேகத்தைக் கட்டுப்படுத்தி, மேடுகளும் போட்ட வட்டாரங்களைப் பற்றியது அது. அங்கே விபத்துக்கள் சுமார் 60 சதவீதம் குறைந்தன. குழந்தைகள் அகப்படும் விபத்துக்கள் 67 சதவீதம். நூறு குழந்தைகள் அடிபட்ட இடத்தில் அறுபத்தேழு பேர் முழுசாக வீடு திரும்பினார்கள் என்று இதைப் படித்துக் கொள்ளுங்கள். அத்தோடு, அந்தத் தெருக்கள் வழியாகப் போகும் வண்டிகளும் 27 சதவீதம் குறைந்தன. குறுக்கு வழி தேடிக் குடியிருப்புக்குள் புகுந்து போகிறவர்களுக்கு இந்த வழி லாபமில்லை என்று தோன்றிவிட்டது.

இரண்டு ஆராய்ச்சிகளையும் சேர்த்து நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்பு நூறு வண்டிகள் விட்ட கரியமில வாயு நூறு பங்கு என்றால், இப்போது 73 வண்டிகள். ஒவ்வொன்றும் 26 சதவீதம் அதிகமாகவே விட்டாலும் மொத்தம் 92 பங்குதான். கூடவில்லை, குறைந்திருக்கிறது! ஆனால் கார்பன் மோனாக்ஸைடு விஷயத்தில் கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை. அந்தக் கன்வர்ட்டர் கார்களின் 59 சதவீதத்தைப் போட்டால் 116 வருகிறது. தெருவுக்குள் வராத வண்டிகள் ஆவியாகிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுற்றியுள்ள பெரிய சாலைகளில் போக்குவரத்து 12 சதவீதம் கூடிற்று. அந்தச் சாலைமேல் வீடு வைத்திருப்பவர்களும் மனிதர்கள்தானே? எதிர் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளுவது போல ஆகாமல் பார்த்துக் கொள்வது நகரசபையின் பொறுப்பு.

மூன்றாவது கியர்

ஜெர்மனியில், ஹாம்பர்க் நகருக்குப் பக்கத்தில் புக்ஸ்டஹூட என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. உச்சரிக்கவே பல் சுளுக்கும் பெயர். 1983-ஆம் வருஷம் அந்த ஊர்க்காரர்கள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். அங்கொரு மேடு இங்கொரு மேடு என்று போடாமல், ஊரின் ஒரு பகுதி முழுவதற்குமே மணிக்கு 30 கிலோமீட்டர்தான் என்று விதித்துவிட்டார்கள். அந்நாட்டில் அப்படிப்பட்ட முதல் வட்டாரம் அது.

அங்கே செய்த சோதனையின் முடிவை ஒவ்வொரு வண்டிக்காரரும் படிக்க வேண்டும். 50-இல் ஓட்டியதையும் 30-இல் ஓட்டியதையும் ஒப்பிட்டார்கள். 30-இல் ஓட்டுவதையும் இரண்டு தினுசாகப் பிரித்தார்கள். ஒருவர் இரண்டாவது கியரிலேயே வைத்துக் கொண்டு உறுமிக் கொண்டு, முரட்டுத்தனமாக ஓட்டுகிறார். இன்னொருவர் மூன்றாவது கியருக்கு மாற்றி நிதானமாக ஓட்டுகிறார். முரடருக்கு எரிபொருள் 7 சதவீதம் கூடுதலாகச் செலவாயிற்று. நிதானக்காரருக்கு 7 சதவீதம் மிச்சமாயிற்று! ஒரே தெரு, ஒரே வேகம். நுரையீரலை அரிக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் முரடரின் வண்டியிலேயே 32 சதவீதம் குறைந்தன. நிதானக்காரரின் வண்டியில் 48 சதவீதம். கார்பன் மோனாக்ஸைடும் இருவருக்கும் குறைந்தது.

இங்கிலாந்தில் கூடியதும் ஜெர்மனியில் குறைந்ததும் முரண் அல்ல. மேடு தோறும் நின்று நின்று பாய்வது ஒன்று. ஒரே சீராக மெள்ளப் போவது வேறொன்று. பாலைக் கொதிக்க விட்டுத் தண்ணீர் தெளித்து, மறுபடி கொதிக்க விடுவதற்கும், சிறு தீயில் வைத்துக் காய்ச்சுவதற்கும் உள்ள வித்தியாசந்தான்.

அதற்காக 30 என்று பலகை மாட்டிவிட்டால் புகையே மறைந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. லண்டனில் இம்பீரியல் கல்லூரியார் 2013-இல் 20 மைல் வேகத்தை ஆராய்ந்தபோது, நைட்ரஜன் ஆக்ஸைடுகள் பெட்ரோல் கார்களில் சுமார் 8 சதவீதம் கூடியும், டீசல் கார்களில் அதே அளவு குறைந்தும் காணப்பட்டன. தராசு இரண்டு பக்கமும் ஆடி நடுவில் நின்றுவிட்டது. மெள்ளப் போவதால் புகை கொட்டும் என்று பயமுறுத்துவதும் மிகை. அதுவே சர்வரோக நிவாரணி என்பதும் மிகை. பிரேக்கும் டயரும் தேய்ந்து பறக்கும் தூளையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். அதற்குச் சைலன்ஸரே தேவையில்லை. புகையே விடாத மின்சாரக் காரும் டயர் தூளை விட்டுக் கொண்டுதான் போகிறது. பிரேக்கை எத்தனைக்கெத்தனை குறைவாக மிதிக்கிறோமோ அத்தனைக்கத்தனை நல்லது.

தாய்மார்கள் பிடித்த தெரு

இந்த விஷயத்தில் உலகத்துக்கு வழிகாட்டிய நாடு ஹாலந்து. வழிகாட்டியவர்களில் முக்கியமானவர்கள் தாய்மார்கள். 1971-ஆம் வருஷம் அந்தச் சின்னஞ்சிறு நாட்டில் சுமார் 3,300 பேர் சாலை விபத்துக்களில் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். தம் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று: “குழந்தைக் கொலையை நிறுத்து!” மென்று விழுங்காமல் சொல்லிவிட்டார்கள். அந்த இயக்கத்தின் முதல் தலைவி மார்ட்யெ வான் புட்டன் ஓர் இளம் தாய். பிற்காலத்தில் ஐரோப்பியப் பார்லிமெண்டில் அங்கத்தினரானவர்.

டெல்ஃப்ட் என்ற நகரில் 1960-களின் கடைசியிலேயே வேறொரு பரீட்சை ஆரம்பமாகியிருந்தது. தெருவில் நடைபாதை, வண்டிப்பாதை என்ற பிரிவையே எடுத்துவிட்டார்கள். நடுவில் மரம், ஓரத்தில் பெஞ்சு, பாதையில் ஒரு வளைவு. அங்கே நுழையும் காருக்குப் பிறர் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட சங்கோசம் ஏற்படும். தானாகவே மனிதர் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடும். அதற்கு ‘வோனெர்ஃப்’ என்று பெயர். ‘குடியிருக்கும் முற்றம்’ என்று தமிழில் சொல்லலாம். 1976-இல் அது சட்டமாகவே வந்துவிட்டது. கோலம் போடுவதற்கும், பந்து விளையாடுவதற்கும், சாயங்காலம் உட்கார்ந்து பேசுவதற்கும் தெருவை முற்றமாகவே வைத்திருந்த நமக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?

இப்படிப்பட்ட தெருவில் இன்னொரு லாபம் உண்டு. நடப்பதற்குப் பயமில்லாவிட்டால் நடக்கிறோம். கடைக்குப் போக ஸ்கூட்டரைக் கிளப்புவதில்லை. கிளப்பாத வண்டிக்குப் புகை இல்லை. எந்தக் கன்வர்ட்டரும் இதற்கு ஈடாகாது. சென்னையில் பாண்டி பஜார் சாலையை 2019-இல் அகன்ற நடைபாதையோடு திருத்தி அமைத்தபோது ஜனங்கள் சாவகாசமாக நடக்க ஆரம்பித்ததைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

சரி, நம் தெருக்களில் இருக்கிற மேடுகள் எப்படிப்பட்டவை? ராத்திரியோடு ராத்திரியாகத் தார் கலவையைக் கொட்டி, காலையில் முளைத்திருக்கும் குறுகிய திட்டு. அல்லது போல்ட்டு வைத்து முடுக்கிய ரப்பர் பட்டை. நாலு நாளில் ஒரு துண்டு காணாமல் போய், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் அந்தச் சந்து வழியாகவே பாயும். இவை நிதானக்காரரையும் தண்டிக்கின்றன. எவ்வளவு மெள்ள வந்தாலும் முதல் கியருக்கு இறங்காமல் ஏற முடியாது. அத்தனை வண்டிகளும் அங்கே அநேகமாக நின்று, முதல் கியரில் உறுமிக் கொண்டு புறப்படுகின்றன. புகைக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு வேறு இல்லை. பின்னால் உட்கார்ந்து வரும் கர்ப்பிணிப் பெண்ணின் கதியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் விதி சரியாகவே இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட வரையறை, வாட்ஸின் அதே மேட்டைத்தான் சொல்கிறது: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சங்கடமின்றித் தாண்டக் கூடிய வளைவு. பல மேடுகள் வேண்டுமானால் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் 100 முதல் 120 மீட்டர் இடைவெளி. முன்கூட்டியே எச்சரிக்கும் பலகை, மேட்டின் மேல் பெயிண்டு. 2023-இல் சென்னைப் போக்குவரத்துப் போலீஸார் குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30 கிலோமீட்டர் என்று உச்ச வேகம் நிர்ணயித்தார்கள். 30-இல் வருகிற வண்டி 25-க்கு இறங்கி 3.7 மீட்டர் மேட்டை ஏறித் தாண்டினால் பிரேக்குக்கும் வேலை இல்லை, புகைக்கும் வேலை இல்லை. இரண்டும் காகிதத்தில் அழகாகப் பொருந்தியிருக்கின்றன. தெருவில்தான் பொருந்தவில்லை.

பள்ளிக்கூட வாசலுக்கு மட்டும் மேடு போதாது என்பது என் அபிப்பிராயம். இத்தாலியில் போல்ஸானோ நகரில் 1989-லேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பள்ளி திறக்கும்போதும் விடும்போதும் சிறிது நேரம் வாசல் தெருவில் மோட்டார் வண்டிகளே வரக் கூடாது. பெற்றோர்கள் தெருக்கோடியில் இறக்கிவிட்டு நடத்திக் கூட்டி வர வேண்டும். லண்டனில் இதே ஏற்பாட்டைச் சில ஆரம்பப் பள்ளிகளில் அளந்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். காலையில் குழந்தைகளைக் கொண்டுவிடும் நேரத்தில் நைட்ரஜன் டையாக்ஸைடு 23 சதவீதம் வரை குறைந்திருந்தது. நம் ஊரில் பள்ளிக்கூட மணி அடிப்பதற்குக் கால் மணி முன்னாலிருந்து, இஞ்சினை அணைக்காமல் ஏ.ஸி.யைப் போட்டுக் கொண்டு நிற்கும் கார்களின் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புகை எந்த மேட்டாலும் வந்ததல்ல. இஞ்சினை அணைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடமோ டிரைவரிடமோ இன்று சாயங்காலமே சொல்லிவிடலாம்.

அடுத்த தடவை உங்கள் தெருவுக்கு வேகத்தடை கேட்டு மனு எழுதினால், ‘வேகத்தடை வேண்டும்’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், பெயிண்டு, பலகை என்று அளவையும் எழுதுங்கள். தெருக்கோடியில் 30 என்ற எண்ணும் வேண்டும் என்று சேர்த்துக் கொள்ளுங்கள். மேடு போட்ட மறுநாள் ஒரு டேப்பை எடுத்துக் கொண்டு போய் அளந்தும் பாருங்கள். டேப் அகப்படாவிட்டால் கவலையில்லை, 3.7 மீட்டர் என்பது நாலு கெஜத்துக்கு இரண்டு விரற்கடை அதிகம். பாட்டியின் ஒன்பது கெஜப் புடவையைப் பாதியாக மடித்துப் போட்டால், மேட்டைக் கடந்து அரை கெஜத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்ச வேண்டும்.